ரெண்டு நாடுகள் குண்டு போட்டன, செத்தது ஒரே சனம்: பலூச் மக்களும் உலகத்தின் மௌனமும்

2024 ஜனவரி 16ஆம் திகதி ஈரான், பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்தில் உள்ள பஞ்ச்கூர் பகுதியில் தாக்குதல் நடத்தியது. இரண்டு பிள்ளைகள் செத்துப்போனதாகப் பாகிஸ்தான் சொன்னது. ரெண்டு நாள் கழித்து பாகிஸ்தான் பதிலுக்கு ஈரானின் சிஸ்தான்-பலூசிஸ்தான் மாகாணத்தில் சரவான் பக்கம் தாக்கியது. ஒன்பது பேர் செத்ததாக ஈரான் சொன்னது. அதிலும் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். உலகம் முழுக்க ரெண்டு நாடுகளுக்கும் யுத்தம் வருமோ என்று பதறியது. பத்து நாளுக்குள்ளேயே தூதுவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மாத முடிவில் ஈரான் வெளிவிவகார அமைச்சர் இஸ்லாமாபாத்துக்கு வந்து கைகுலுக்கினார். பிரச்சினை முடிந்தது என்று செய்திகள் சொன்னன.

முடிந்தது ரெண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான பிரச்சினை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குண்டு விழுந்தது பலூச் மக்களின் மண்ணில்தான். செத்தவர்கள் இரண்டு பக்கமும் பலூச் ஆக்கள்தான். இதை எத்தனை செய்திகள் சொன்னன?

இன்னொரு விசயம். அந்தத் தாக்குதல்கள் நடந்த அதே கிழமையில் இஸ்லாமாபாத் ஊடக மன்றத்துக்கு முன்னால், கடும் குளிருக்குள், நூற்றுக்கணக்கான பலூச் பெண்கள் குந்தியிருந்தார்கள். காணாமலாக்கப்பட்ட தகப்பன்மாரின், சகோதரர்களின், பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்தார்கள். பலூசிஸ்தானின் துர்பத்தில் இருந்து ஊர்வலமாக வந்தவர்கள். டிசெம்பரில் தலைநகருக்குள் வந்தபோது பொலிஸ் தண்ணீர் பீச்சி, அடித்து, கைது செய்துதான் வரவேற்றது. ஏவுகணை பறந்தபோது பலூசிஸ்தானைத் தேடி வந்த கமராக்கள் இவர்களின் பக்கம் பெரிதாகத் திரும்பவேயில்லை. ஜனவரி கடைசியில் வெறுங்கையோடு ஊருக்குப் போனார்கள்.

பலூச் மக்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வதில் நிறையப் பேருக்கு இலாபம் இருக்கிறது. அந்த இலாபத்தின் வரலாற்றைப் பார்த்தால்தான் மௌனம் விளங்கும்.

கலாத்தில் தொடங்கிய கதை

பலூச் மக்களின் நிலம் இன்று மூன்று நாடுகளுக்குள் கிடக்கிறது. பாகிஸ்தானில் பெரும்பகுதி, ஈரானில் ஒரு பகுதி, ஆப்கானிஸ்தானில் கொஞ்சம். இந்தக் கோடுகளைக் கீறியது பிரிட்டிஷ்காரர். 1871இல் கோல்ட்ஸ்மிட் கோடு, 1893இல் டூரண்ட் கோடு. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. காலனித்துவம் எங்கேயும் செய்த வேலைதான்.

பாகிஸ்தான் பக்கத்தில் கலாத் என்று ஒரு அரசு இருந்தது. கலாத்தின் கானுக்கு ஒரு சட்ட வாதம் இருந்தது. தன்னுடைய அரசு மற்ற இந்தியச் சமஸ்தானங்களைப் போன்றது இல்லை, அது பிரிட்டிஷ் முடியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு, ஆகவே பிரிட்டிஷ்காரர் போனால் கலாத் சுதந்திர நாடு. இந்த வாதத்தைக் கானுக்காக எடுத்துச் சொன்ன சட்டத்தரணி யார் தெரியுமா? முகம்மது அலி ஜின்னா. பாகிஸ்தானின் தேசபிதா.

1947 ஓகஸ்டில் கலாத்தின் தனி நிலையை ஏற்றுக்கொள்ளும் இடைக்கால உடன்படிக்கை ஒன்றும் வந்தது. அதே மாதத்தில் கலாத் தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது. இணைவுக் கோரிக்கை வந்தபோது கலாத்தின் இரண்டு சபைகளும் அதை மறுத்தன. ஆனால் ஜின்னா இப்போது கானின் சட்டத்தரணி இல்லை, ஒரு நாட்டின் ஆளுநர் நாயகம். 1948 மார்ச்சில் கலாத்துக்குக் கீழ் இருந்த பகுதிகள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. மார்ச் 27ஆம் திகதி கான் இணைவுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். அவருடைய தம்பி இளவரசர் அப்துல் கரீம் அதை ஏற்காமல் மலைக்குப் போனார். அதுதான் முதலாவது கிளர்ச்சி.

அதற்குப் பிறகு 1958, 1960களின் தொடக்கம், 1973, 2000களின் தொடக்கத்தில் இருந்து இன்றுவரை என்று கிளர்ச்சிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் அரசு ஒரே பதிலைத்தான் சொன்னது. 1958இல் மலையேறிய நவ்ரோஸ் கான் என்ற முதியவர், மன்னிப்பு உறுதியை நம்பி இறங்கி வந்ததாகவே பலூச் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1960இல் அவருடைய மகனும் உறவினர்களும் தூக்கில் போடப்பட்டார்கள். அவர் சிறையிலேயே செத்தார். கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றாது என்ற எண்ணம் அங்கே இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தது.

1973 முக்கியமான ஆண்டு. தேர்தலில் வென்று வந்த பலூசிஸ்தான் மாகாண அரசாங்கத்தை சுல்பிகார் அலி பூட்டோ கலைத்தார். பூட்டோ இராணுவச் சர்வாதிகாரி இல்லை, மக்கள் வாக்கில் வந்தவர், சோசலிசம் கதைத்தவர். அவருடைய இராணுவத் தளபதி திக்கா கான். 1971இல் டாக்காவில் வங்காளிகள் மேல் இராணுவத்தை ஏவியவர். ஈரானின் ஷா போர் ஹெலிகொப்டர்களைக் கொடுத்தார். தன்னுடைய பக்கத்தில் இருக்கும் பலூச் மக்களுக்கும் ஆசை வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. ஏறக்குறைய 80,000 படையினர் இறக்கப்பட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் செலிக் ஹாரிசனின் கணக்குப்படி 5,300 பலூச் போராளிகளும் 3,300 படையினரும் செத்தார்கள்.

இரண்டு வருடம் முதல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்ததை உலகம் பார்த்துக் கொதித்தது. ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குப் போனதால் அதை மறைக்க ஏலாமல் போனது. பலூச் மக்கள் மிகச் சிறிய சனத்தொகை. தப்பி ஓடிய இடமும் ஆப்கானிஸ்தானின் பாலைவனம். அதே இராணுவம், அதே தளபதி. ஆனால் இந்த முறை பார்க்க ஆளில்லை.

எரிவாயு போன பாதை

பாகிஸ்தானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதம் பலூசிஸ்தான். சனத்தொகையில் 6 வீதமளவுதான். இந்த ரெண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரசியல் விளங்கிவிடும். நிலம் வேணும், அதில் இருக்கிற ஆக்களின் வாக்கு பெரிதாகத் தேவையில்லை.

1952இல் தேரா புக்தி பகுதியின் சுய் என்ற ஊரில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் குழாய் கராச்சிக்குப் போனது, பிறகு பஞ்சாபுக்குப் போனது. பாகிஸ்தானில் எரிவாயுவுக்கே ‘சுய் காஸ்’ என்றுதான் பெயர். பலூசிஸ்தானின் தலைநகரமான குவெட்டாவுக்கு அது வந்தது 1980களில். மாகாணத்தின் எத்தனையோ ஊர்களில் இன்றைக்கும் விறகுதான்.

1998 மே 28ஆம் திகதி பாகிஸ்தான் அணுகுண்டைச் சோதித்ததும் பலூசிஸ்தானின் சாகாய் மாவட்டத்தில்தான். நாடு அதை வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது. அதே மாவட்டத்தில் ரெக்கோ டிக் என்ற இடத்தில் உலகத்தின் மிகப் பெரிய செம்பு, தங்கப் படிவுகளில் ஒன்று இருக்கிறது. 2022இல் போட்ட உடன்பாட்டின்படி கனடாவின் பரிக் நிறுவனத்துக்குப் பாதி, பாகிஸ்தானின் மத்திய அரசு நிறுவனங்களுக்குக் கால், பலூசிஸ்தான் மாகாணத்துக்கு மிச்சக் கால்.

கடற்கரையில் குவாதர். 1958 வரைக்கும் ஓமானுக்குச் சொந்தமாக இருந்த ஒரு மீனவ ஊர். 2013இல் இருந்து துறைமுகத்தைச் சீன நிறுவனம் நடத்துகிறது. சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தின் வாசல் அது. ஊர்ச்சனம் கேட்டது குடிதண்ணீரும் கடலுக்குப் போகிற உரிமையும். கிடைத்தது சோதனைச் சாவடிகள். அம்பாந்தோட்டையைப் பார்த்த எங்களுக்கு, துறைமுகம் வந்தால் ஊர் வளரும் என்ற கதை புதிதில்லை. குவாதரில் அந்தக் கதையோடு துவக்கும் சேர்ந்து வந்தது.

ஆக்கள் மறையத் தொடங்கினார்கள்

1976இல் கராச்சியில் அசத் மெங்கல் என்ற இளைஞர் காணாமல் போனார். கலைக்கப்பட்ட மாகாண அரசாங்கத்தின் முதலமைச்சராக இருந்த அதாவுல்லா மெங்கலின் மகன். பலூச் ஆக்கள் காணாமலாக்கப்பட்டோரின் பட்டியலை இவரில் இருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். முதலமைச்சரின் மகனுக்கே இதுதான் நிலை என்றால் மாடு மேய்க்கிறவனின் மகனுக்கு?

ஆனால் இது ஒரு முறையாக வளர்ந்தது 2001க்குப் பிறகு. பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் பாகிஸ்தான் அமெரிக்காவின் கூட்டாளி. ஆட்களை வழக்கில்லாமல் பிடித்து 369 பேரை அமெரிக்காவிடம் ஒப்படைத்ததாகவும், அதற்குப் பணம் கிடைத்ததாகவும் ஜெனரல் முஷரப் 2006இல் வெளிவந்த தன்னுடைய சுயசரிதையில் தானே எழுதியிருக்கிறார். இரகசியமாகப் பிடிக்கிறது, இரகசியமாக அடைக்கிறது, நீதிமன்றத்துக்குக் காட்டாமல் விடுகிறது என்ற பழக்கம் அப்படி ஊறிப்போனது. அல்-கைதாவுக்கு என்று வளர்ந்த கை பலூச் மாணவர்கள் பக்கமும் நீண்டது. 2006 ஓகஸ்ட் 26ஆம் திகதி முன்னாள் ஆளுநரும் முதலமைச்சருமான எழுபத்தொன்பது வயது நவாப் அக்பர் புக்தி இராணுவ நடவடிக்கையில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

காணாமல் போனவர்களின் உடல்கள் வீதியோரத்தில், சித்திரவதைக் காயங்களோடு, சிலவேளை சட்டைப் பையில் பெயர் எழுதிய துண்டோடு கிடக்கத் தொடங்கின. ‘கொன்று எறிதல்’ என்று அதற்கு ஒரு பெயரே வந்தது. 2011இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2014 ஜனவரியில் குஸ்தார் மாவட்டத்தின் டூடக் பகுதியில் கூட்டுப் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

மாமா கதீர் என்று எல்லாரும் கூப்பிடும் முதியவரின் மகன் ஜலீல் 2009இல் பிடிக்கப்பட்டார், 2011இல் உடலாகக் கிடைத்தார். மாமா கதீர் 2013 ஒக்டோபரில் குவெட்டாவில் இருந்து நடக்கத் தொடங்கினார். பெண்களும் சிறுவர்களும் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். கராச்சி வழியாக இஸ்லாமாபாத் வரைக்கும் சுமார் 2000 கிலோமீட்டர். நாலு மாதம் நடந்தார்கள். பாகிஸ்தானின் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் அதைக் காட்டவில்லை.

காணாமலாக்கப்பட்டோருக்காகப் பாகிஸ்தான் 2011இல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. நாடு முழுவதிலும் இருந்து 10,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் பதியப்பட்டன. ஒரு அதிகாரியாவது தண்டிக்கப்பட்டாரா என்று தாய்மார் இன்றைக்கும் கேட்கிறார்கள். காணாமலாக்குவதைக் குற்றமாக்கும் சட்டமூலத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கோ. 2021இல் தேசிய சபையில் நிறைவேறி செனட்டுக்குப் போனது. 2022 ஜனவரியில் மனித உரிமைகள் அமைச்சர் ஷிரீன் மசாரியே வெளிப்படையாகச் சொன்னார்: சட்டமூலத்தைக் காணவில்லை. காணாமல் போனவர்களுக்கான சட்டமே காணாமல் போனது. பகிடி மாதிரி இருக்கும், ஆனால் வாசலில் நிற்கிற தாய்க்கு இது பகிடியில்லை.

மௌனம் எப்படி உண்டாக்கப்படுகிறது

முதலில், பார்க்க விடுவதில்லை. நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் கார்லோட்டா கால் 2006 டிசெம்பரில் குவெட்டா ஹோட்டல் அறையில் வைத்துத் தாக்கப்பட்டார். பலூசிஸ்தான் பற்றி விரிவாக எழுதிய டெக்லன் வோல்ஷ் 2013இல் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். உள்நாட்டுச் செய்தியாளர்களின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. 2015 ஏப்ரலில் லாகூரின் ஒரு பல்கலைக்கழகம் பலூசிஸ்தான் பற்றிய கலந்துரையாடலை அழுத்தத்தால் ரத்துச் செய்தது. அதே மாதம் 24ஆம் திகதி கராச்சியில் சபீன் மஹ்மூத் மாமா கதீரை அழைத்து அந்தக் கலந்துரையாடலை நடத்தினார். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு இஸ்லாமியத் தீவிரவாதிகள் சிலருக்கு இராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. யார் சுட்டாலும், அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டம் வைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அடுத்தது, பெரிய நாடுகளின் கணக்கு. ஆப்கான் போர் முழுக்க நேட்டோவின் சாமான்கள் கராச்சியில் இருந்து பலூசிஸ்தானின் சமன் எல்லை வழியாகப் போயின. ஷம்சி விமானத் தளத்தை 2011 வரைக்கும் அமெரிக்கா பாவித்தது. தான் நிற்கிற வீட்டில் நடக்கிற கொலையைப் பற்றி விருந்தாளி கதைக்கமாட்டார். இப்போது கனிமங்களின் காலம். 2025 ஓகஸ்டில் அமெரிக்கா பலூச் விடுதலைப் படையை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அடுத்த மாதமே அமெரிக்க நிறுவனம் ஒன்று 50 கோடி டொலர் கனிம உடன்பாட்டில் பாகிஸ்தானோடு கையெழுத்திட்டது. சீனாவுக்குத் துறைமுகம், கனடாவுக்குச் சுரங்கம். பலூசிஸ்தானில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதனால் பலூச் ஆக்களைப் பற்றிக் கேட்க ஒருவருமில்லை.

இந்தியாவின் கதை வேறு. 2016 ஓகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் மோடி பலூசிஸ்தானைக் குறிப்பிட்டார். காஷ்மீர் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. காஷ்மீர் பற்றிக் கேட்டால் பலூசிஸ்தான், பலூசிஸ்தான் பற்றிக் கேட்டால் காஷ்மீர். ரெண்டு அரசுகளும் ஒருவரின் காயத்தை மற்றவர் மேல் எறிகிறார்கள். இதனால் பலூச் தாய்மாருக்குக் கிடைத்தது ‘இந்தியக் கைக்கூலி’ என்ற பட்டம் மட்டும்தான்.

ஈரான் பக்கமும் இதே கதைதான். 2022 செப்டெம்பர் 30 வெள்ளிக்கிழமை சாஹேதானில் தொழுகைக்குப் பிறகு கூடியவர்கள் மேல் படைகள் சுட்டதில் குறைந்தது 66 பேர் கொல்லப்பட்டதாக சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது. மாஷா அமினியின் மரணத்துக்குப் பின் எழுந்த போராட்டத்தில் ஒரே நாளில் அதிகம் பேர் செத்த இடம் அது. ஆனால் உலகத்தின் நினைவில் நிற்பது தெஹ்ரான் வீதிகள்தான். ஈரானைக் கண்டிக்கத் தயாராக இருக்கிறவர்களுக்குக்கூட பலூச் பெயர்கள் ஞாபகம் வருவதில்லை.

துவக்கு தூக்கியவர்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது. பலூச் ஆயுதக் குழுக்கள் சாதாரண ஆக்களைக் கொன்றிருக்கின்றன. 2024 ஓகஸ்ட் 26 முசாகேல் மாவட்டத்தில் பஸ்களை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, 23 பேரைச் சுட்டார்கள். பெரும்பாலானவர்கள் பஞ்சாபில் இருந்து போன ஏழைகள். 2025 மார்ச் 11 ஜாஃபர் எக்ஸ்பிரஸ் ரயிலைக் கடத்தினார்கள். கூலிக்காரனை அவனுடைய இனத்துக்காகக் கொல்வதற்கு எந்த வரலாறும் நியாயம் ஆகாது. இதைச் சொல்வதற்கு நாங்கள் தயங்கத் தேவையில்லை.

ஆனால் ரயில் கடத்தல் உலகச் செய்தியானது. பதினொரு நாள் கழித்து, மார்ச் 22, மருத்துவர் மஹ்ராங் பலூச் குவெட்டாவில் கைது செய்யப்பட்டது அந்தளவுக்குச் செய்தியாகவில்லை. 2009இல் தகப்பனைப் பறிகொடுத்து 2011இல் உடலைப் பெற்றவர் அவர். 2023 ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர். ஒருநாளும் துவக்கு தூக்காதவர். துவக்குச் சத்தத்துக்கு மட்டும் காது கொடுக்கிற உலகம், மலையில் இருக்கிறவனிடம் என்ன சொல்கிறது? நடந்து வந்தால் கேட்கமாட்டோம், சுட்டால் கேட்போம் என்றுதானே. அலட்சியம் வன்முறைக்கு வெளியில் நிற்கிற ஒன்று இல்லை. அதுவும் வன்முறையை வளர்க்கிறது.

எங்களுக்கு என்ன?

இலங்கையில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேணும் என்று கேட்கலாம். 2009 மே 27 ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில், இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டிய தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் பாகிஸ்தானும் இருந்தது, இந்தியாவும் இருந்தது, சீனாவும் இருந்தது. பலூசிஸ்தான் என்றால் ஒருவரை ஒருவர் கடிக்கிற நாடுகள், எங்கட விசயத்தில் ஒரே பக்கம் கை தூக்கின. அன்றைக்கு அந்த மண்டபத்தில் எங்களைப் பற்றி இருந்த கணக்குத்தான் இன்றைக்குப் பலூச் மக்களைப் பற்றியும் இருக்கிறது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் எங்கட தாய்மார் படங்களோடு இருந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று அது பரவியது. இலங்கை வலிந்து காணாமலாக்குவதற்கு எதிரான சர்வதேசச் சமவாயத்தை 2016இல் ஏற்றது, அலுவலகம் அமைத்தது. பாகிஸ்தான் சமவாயத்தையே ஏற்கவில்லை, ஆணைக்குழு அமைத்தது. அங்கேயும் இங்கேயும் தாய்மார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கட பிள்ளை எங்கே? அந்தக் கேள்விக்குக் கோவை இலக்கம்தான் பதிலாக வருகிறது.

அதனால் பலூச் மக்களோடு நாங்கள் காட்டுகிற ஆதரவு பாகிஸ்தான் எதிர்ப்பாக இருக்கத் தேவையில்லை. லாகூரிலும் கராச்சியிலும் அவர்களுக்காகக் குரல் கொடுத்து அடிவாங்கிய பஞ்சாபி, சிந்தி மாணவர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தொலைக்காட்சிகளின் சத்தத்தை அப்படியே பகிர்வதும் ஆதரவு ஆகாது, அது இன்னொருவரின் சீட்டாட்டத்தில் எங்கட கையையும் சேர்ப்பது. காஷ்மீரையும் பலூசிஸ்தானையும் ஒரே மூச்சில் கதைக்கத் தெரிந்தவர்களிடம் இருந்துதான் தொடங்க வேணும். சமி தீன் பலூச்சின் தகப்பன் 2009 ஜூனில் வேலை செய்த வைத்தியசாலையில் இருந்து கொண்டுபோகப்பட்டார். அப்போது சமி சின்னப் பிள்ளை. இன்றைக்கு வளர்ந்த பெண்ணாகி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கட பல்கலைக்கழகங்களில் ஓகஸ்ட் 30, காணாமலாக்கப்பட்டோர் தினத்துக்கு நாங்கள் வைக்கிற படங்களுக்குப் பக்கத்தில் அவருடைய தகப்பனின் படத்துக்கும் இடம் இருக்கிறது. அடுத்த ஓகஸ்டில் அதை வைப்பம்.